மத்தியப் பிரதேசக் கிராமங்களில் தமிழ்ப் படப்பிடிப்பு: மானியத்தை நம்பி பட்ஜெட் போடலாமா?

கேள்வி: நாமக்கல் கதைசொல்லி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சிறு பட்ஜெட்டில் ஒரு தமிழ்ப் படம் எடுக்கும் ஏற்பாட்டில் இருக்கிறோம். நாமக்கல்லிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரி ஓட்டுநர் ஒருவர், வண்டி பழுதாகி, மொழி தெரியாத ஒரு கிராமத்தில் பல நாள் தங்க நேர்வதுதான் கதை. கதையில் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கிராமத்திலேயே நடக்கிறது. மீதி நாமக்கல்லிலும் நெடுஞ்சாலையிலும் லாரியின் கேபினுக்குள்ளும் நடக்கிறது.

கிராமத்தை மத்தியப் பிரதேசத்தில் தேடலாம் என்று இணைத் தயாரிப்பாளர் சொல்கிறார். அந்த மாநில அரசு திரைப்படங்களுக்கு மானியம் தருகிறது, தென்னிந்திய மொழிப் படங்களுக்குக் கூடுதல் ஊக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். மானியமாக வரக்கூடிய தொகையை இப்போதே வரவில் எழுதி, அதற்கு ஈடாகக் கடன் வாங்கிப் படத்தைத் தொடங்கலாம் என்றும் அவர் கருதுகிறார். எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. பெரிய நகரங்கள் குறைவாக உள்ள ஒரு மாநிலத்தில், கிராமத்துக்குள் முப்பது முப்பத்தைந்து பேர் கொண்ட யூனிட்டை வைத்து நான்கு வாரம் வேலை செய்வது நடைமுறையில் எப்படி இருக்கும்? ஓர்ச்சா, மகேஷ்வர், போபால் சுற்றுவட்டாரம் ஆகிய மூன்றில் எது எங்களுக்குப் பொருந்தும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தயாரிப்பு மேற்பார்வை

உங்கள் தயக்கம் நியாயமானது, சார். முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மத்தியப் பிரதேசத்தின் மானியம் உண்மையானதுதான். 2020ஆம் ஆண்டு அவர்கள் திரைப்படச் சுற்றுலாக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் போபாலில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டையொட்டிப் புதிய கொள்கை வெளியானது. முழுநீளப் படத்துக்கு அதிகபட்சம் 2 கோடி ரூபாய், இணையத் தொடருக்கு 1.5 கோடி ரூபாய் என்பது அதில் உள்ள உச்சவரம்பு. திரைப்படம் எடுப்பதற்கு உகந்த மாநிலம் என்ற தேசிய விருதையும் 2017ஆம் ஆண்டுக்கும் 2020ஆம் ஆண்டுக்குமாக இரண்டு முறை அவர்கள் பெற்றிருக்கிறார்கள். ஆகவே இது ஏட்டளவில் மட்டும் இருக்கும் திட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தப் பணம் படம் முடிந்த பிறகுதான் வரும். படப்பிடிப்பு நடந்து, தணிக்கைச் சான்றிதழ் கிடைத்து, படம் வெளியாகி, செலவுக் கணக்குகள் கணக்குத் தணிக்கையாளரின் சான்றோடு போய்ச் சேர்ந்து, குழு ஆய்வு செய்து ஒப்புக்கொண்ட பின்னர்தான் காசு கைக்கு வரும். இதை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லட்சம் ரூபாயை மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கி, மானியம் வர ஒன்றரை ஆண்டு ஆனால், வட்டி மட்டும் 14.4 லட்சம். நம் ஊர் ஃபைனான்சியர்கள் இரண்டு வட்டிக்குக் கொடுப்பார்களா என்பதும் தனிக் கேள்வி. எனவே மானியத்தை வரவில் எழுதாதீர்கள். மானியமே இல்லாவிட்டாலும் அங்கே எடுப்பது கட்டுப்படியாகிறதா என்று பார்த்து, ஆகும் என்றால் மட்டும் போங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. மொத்தப் படப்பிடிப்பு நாட்களில் குறைந்தது பாதி அந்த மாநிலத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. முக்கால் பங்கைத் தொட்டால் தொகை கூடும் என்ற வகையில்தான் 2020 கொள்கையின் படிகள் அமைந்தன. உங்கள் கதையில் மூன்றில் இரண்டு பங்கு கிராமத்தில் நடந்தாலும், படப்பிடிப்பு நாட்கள் அதே விகிதத்தில் பிரியாது. லாரி கேபின் காட்சிகளும் இரவுக் காட்சிகளும் நாட்களை விழுங்கிவிடும். கேபினுக்குள் எடுப்பதை எங்கே எடுத்தாலும் ஒன்றுதான் என்பதால், அதைச் சென்னை ஸ்டுடியோவில் எடுக்காமல் அங்கேயே எடுத்துவிட்டால் முக்கால் பங்கை எளிதாக எட்டிவிடலாம். டிஎன் 28 எண் கொண்ட லாரியை எப்படியும் இங்கிருந்து ஓட்டிக்கொண்டுதான் போகப்போகிறீர்கள். போகிற வழியில் நெடுஞ்சாலைக் காட்சிகளையும் சிறு யூனிட்டோடு எடுத்துவிடலாம்.

இடத்தைப் பற்றி என் கருத்து இது: காட்சிக்கு அழகான கிராமத்தைத் தேடுவதற்கு முன், முப்பத்தைந்து பேர் தூங்கக்கூடிய ஊரைத் தேடுங்கள். தங்கும் இடத்திலிருந்து லொக்கேஷனுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், போகவர இரண்டு மணி நேரம் கால்ஷீட்டிலிருந்து கழிந்துவிடும். டிசம்பரில் போபால் பக்கம் காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், மாலை ஐந்தரை மணிக்கே போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ‘பஞ்சாயத்’ என்ற இந்தி இணையத் தொடரின் கதை உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும், எடுக்கப்பட்டது மத்தியப் பிரதேசத்தின் சீஹோர் மாவட்டத்து மஹோடியா கிராமத்தில். போபாலிலிருந்து சீஹோர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். விமான நிலையம், ரயில் நிலையம், விடுதி, மருத்துவமனை எல்லாம் எட்டும் தொலைவில் இருக்கும் கிராமம் என்பதால்தான் அந்தப் பக்கம் தொடர்ந்து படப்பிடிப்பு நடக்கிறது என்பது என் துணிபு.

பதில் 2: போபால்வாசி

நான் படத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். பெல் நிறுவனக் குடியிருப்பில் வளர்ந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழன். ஊரையும் பருவத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட மூன்று இடங்களும் மூன்று வேறு நாடுகள் போல. ஓர்ச்சா பந்தேல்கண்டில், பேத்வா ஆற்றங்கரையில் இருக்கிறது. மகேஷ்வர் நிமாட் பகுதியில், நர்மதைக் கரையில் இருக்கிறது. சீஹோர் மால்வா மேட்டுநிலத்தைச் சேர்ந்தது. மண்ணின் நிறம், வீட்டின் கூரை, பேசும் மொழி மூன்றிலும் மாறும். பந்தேலி பேசும் கிராமத்தில் மால்வி பேசும் துணை நடிகரை நிறுத்தினால் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்குத் தெரியாது. ஆனால் ஓடிடியில் இந்தி ரசிகர்கள் பார்த்தால் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘பொன்னியின் செல்வன்’ படத்துக்காக ஓர்ச்சாவுக்கும் மகேஷ்வருக்கும் தமிழ் யூனிட் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையை ஒட்டி எடுத்த ‘பேட்மேன்’ இந்திப் படமும் கதையையே மகேஷ்வருக்கு மாற்றிக்கொண்டது. அந்தப் படங்களுக்குக் கோட்டையும் படித்துறையும் தேவைப்பட்டன. உங்களுக்குத் தேவை ஒரு சாதாரணக் கிராமம். படித்துறையும் கோட்டையும் பின்னணியில் வந்தால், லாரி பழுதாகி நின்ற ஊர் என்ற எண்ணமே பார்ப்பவருக்கு வராது, சுற்றுலாவுக்கு வந்தது போல ஆகிவிடும்.

ஓர்ச்சாவுக்கே போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பேத்வா கரையில் உள்ள சத்ரிகளின் (மன்னர்களின் நினைவு மண்டபங்கள்) உச்சியில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஆற்றின் மறுபக்கம் வனவிலங்குச் சரணாலயம். அங்கே காட்சி எடுக்க வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். டிரோனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நர்மதையில் படகுக் காட்சி எடுப்பவர்கள் மேலே ஓங்காரேஷ்வர் அணை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கும்போது ஆற்றின் மட்டம் ஒரே நாளுக்குள் மாறும். காலையில் கதாநாயகன் நின்ற படி மாலையில் நீருக்குள் இருக்கலாம். இது கன்டினியூட்டி (காட்சித் தொடர்ச்சி) பிரச்சினை மட்டும் அல்ல. 2005 ஏப்ரலில் தேவாஸ் மாவட்டத்தின் தாராஜியில், இந்திரா சாகர் அணையிலிருந்து இரவில் திறந்த நீர் கரையில் கூடியிருந்த பக்தர்களை அடித்துச் சென்றதில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாவட்ட நிர்வாகத்திடம் நீர் திறக்கும் நேரத்தைக் கேட்டு எழுதி வாங்காமல் ஆற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள்.

பருவம் மிக முக்கியம். நவம்பரில் வந்தால் உழுத நிலம் வெறும் கருப்பாகக் கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் கோதுமை பச்சையாக நிற்கும். மார்ச்சில் பொன்னிறமாகும். ஏப்ரல் நடுவில் எல்லாம் மொட்டையாகிவிடும், வெயிலும் ஏறிவிடும். மே மாதத்தில் பந்தேல்கண்ட் பக்கம் 45 டிகிரி சாதாரணம். நான்கு வாரம் ஒரே இடத்தில் எடுக்கும்போது நிலத்தின் நிறம் உங்கள் கண்முன்னே மாறும். அதைக் கதைக்குள் வைத்துக்கொள்வதா, மறைப்பதா என்பதை இப்போதே தீர்மானித்துவிடுங்கள்.

பதில் 3: கணக்காயர்

மேலே நண்பர் மானியத்தை வரவில் எழுதாதீர்கள் என்றார். அதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் கடைசியில் வரப்போகிறது என்பதற்காக ஆவணங்களையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் மானியம் வராது. தொகை குறைக்கப்படுவதும் மறுக்கப்படுவதும் பெரும்பாலும் ரசீதுகளால்தான்.

ஓர்ச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல விடுதிகள் கிடைக்கவில்லை என்று யூனிட்டைப் பக்கத்தில் உள்ள ஜான்சியில் தங்க வைப்பது வழக்கம். இருபது கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் ஜான்சி உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. விடுதி ரசீதில் உள்ள ஜிஎஸ்டி எண் 09 என்று தொடங்கும். மத்தியப் பிரதேச ரசீது என்றால் 23 என்று தொடங்க வேண்டும். நான்கு வார விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் 09இல் தொடங்கும் ரசீதுகளாக வந்து சேர்ந்தால், மாநிலத்துக்குள் செய்த செலவு என்று அவற்றை எப்படிக் காட்டுவீர்கள்? வரைபடத்தைப் பார்த்தால் தெரியும், உத்தரப் பிரதேசத்தின் லலித்பூர் மாவட்டம் மத்தியப் பிரதேசத்துக்குள் விரல் நீட்டியது போல இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் சந்தேரிக்குப் போகிறவர்களும் லலித்பூர் ரயில் நிலையத்தில் இறங்கித்தான் போவார்கள். அந்தப் பக்கம் டீசல் போடுவதிலிருந்து வாடகைக் கார் வரை எல்லாமே எல்லை தாண்டிய ரசீதாக வாய்ப்பு உண்டு. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ரசீது வாங்கும்போது முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்.

கிராமத்துச் செலவுகள் இன்னொரு தலைவலி. வீட்டு வாடகை, மாட்டு வண்டி, கூட்டத்துக்கு வரும் ஆட்களின் கூலி ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி ரசீது கிடைக்காது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியிலும் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். வீட்டு உரிமையாளருக்கு வங்கிக் கணக்கில் செலுத்துங்கள், ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கூலி ஆட்களுக்குப் பெயர், ஊர், கையொப்பத்தோடு தினப் பட்டியல் வையுங்கள். கால்ஷீட்டும் அன்றாட அறிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், ஏனென்றால் நாள் கணக்குக்கு அவைதான் சான்று.

நம் மாநிலத்தில் சிறு படங்களுக்குத் தரும் 7 லட்சம் ரூபாய் மானியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது படத்தின் தரத்தைப் பார்த்துத் தருவது. மத்தியப் பிரதேசத்தில் உங்கள் படம் நல்ல படமா என்பது முதல் கேள்வி அல்ல. எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள், எங்கள் ஆட்களுக்கு வேலை கொடுத்தீர்களா, சுற்றுலாத் துறையின் சின்னத்தைத் திரையில் காட்டினீர்களா என்றுதான் கேட்பார்கள். சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரும் கேமரா வாடகை போன்ற பெரிய செலவுகள் மானியத்துக்குத் தகுதியுள்ள செலவில் சேருமா என்பதை, படப்பிடிப்புக்கு முன்பே அந்த மாநிலச் சுற்றுலா வாரியத்தின் திரைப்படப் பிரிவிடம் கடிதம் எழுதி, பதிலையும் எழுத்தாகவே வாங்கிக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் சொன்ன வார்த்தைக்கு ஆய்வுக் குழுவில் மதிப்பு இல்லை.

பதில் 4: நேரடி ஒலி

டப்பிங் இல்லாமல் படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்யும் நேரடி ஒலிப்பதிவு செய்யப்போகிறீர்களா என்பதை நீங்கள் சொல்லவில்லை. மொழி தெரியாத ஊரில் சிக்கியவனின் கதை என்பதால் செய்வீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிராமம் என்றால் அமைதி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தீபாவளி கழிந்து வரும் தேவ்உட்டனி ஏகாதசியிலிருந்து கல்யாணக் காலம் தொடங்கும். ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் வண்டி நிறைய ஸ்பீக்கர் அடுக்கிய டிஜே உண்டு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் கல்யாணமும் உங்கள் மைக்கில் விழும். கோதுமைக்கு நீர் பாய்ச்சும் மாதங்களில் விவசாய மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். எந்த நேரத்தில் எந்த ஃபீடருக்கு (மின்வழித்தடத்துக்கு) மின்சாரம் வரும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கேட்டு அதற்கேற்ப வசனக் காட்சிகளை வையுங்கள். ஜெனரேட்டர் வண்டியை நிறுத்த வீடுகளுக்கு அப்பால் ஒரு மறைவிடம் வேண்டும், அதற்கேற்ற நீளத்துக்குக் கேபிளும் கொண்டுபோங்கள்.

மாடுகள் வருகிற காட்சி இருந்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் தணிக்கையில் சிக்கும். வாரியம் முன்பு சென்னை திருவான்மியூரில் இருந்தது, இப்போது ஹரியானாவின் பல்லப்கட்டில் இருக்கிறது. பழைய நினைப்பில் நேரில் போய் முடித்துவிடலாம் என்று கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பதில் 5: தயாரிப்பு மேற்பார்வை

அனுமதி பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விளக்கம். மத்தியப் பிரதேசத்தில் படப்பிடிப்பு அனுமதியைப் பொதுச் சேவை உத்தரவாதச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். விண்ணப்பத்தை 15 நாளுக்குள் முடித்துவைக்க வேண்டும் என்பது விதி. எல்லா அனுமதியையும் ஒரே இடத்தில் பெறும் ஒற்றைச் சாளரம் என்பது மாநிலத்தின் கையில் இருக்கும் இடங்களுக்குத்தான். ரயில் நிலையம் என்றால் ரயில்வே, மாண்டு, கஜுராஹோ போன்ற இடங்கள் என்றால் இந்தியத் தொல்லியல் துறை, டிரோன் என்றால் 2021 டிரோன் விதிகள் என்று மத்திய அரசின் கதவுகளைத் தனித்தனியாகத் தட்ட வேண்டும். உங்கள் கதையில் இவற்றில் எதுவும் இல்லை என்பது நல்லது. கதாசிரியர் புதிதாக ஒரு ரயில் காட்சியை எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் நடிகர்களுக்குப் பஞ்சம் இல்லை. போபாலில் 1982 முதல் பாரத் பவன் கலை மையம் இருக்கிறது. அரசு நடத்தும் நாடகப் பள்ளியும் இருக்கிறது. கிராமத்துப் பாத்திரங்களை அங்கிருந்தே எடுத்தால் பேட்டாவும் பயணச் செலவும் மிச்சம், மானிய விண்ணப்பத்துக்கும் வலு.

உபகரணங்களைப் பொறுத்தவரை, சென்னையிலிருந்து போபால் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். கேமராவும் லென்ஸும் ஆட்களோடு ரயிலிலோ விமானத்திலோ வரட்டும். லைட், ஜெனரேட்டர், கிரிப் சாமான்களை (கேமராவைத் தாங்கி நகர்த்தும் கருவிகள்) போபாலிலும் இந்தூரிலும் கிடைக்கும் அளவு அங்கேயே எடுத்து, குறைவதை மட்டும் மும்பையிலிருந்து வரவழையுங்கள். ஃபெப்சி (திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) உறுப்பினர்களை வெளிமாநிலத்துக்கு அழைத்துப் போவதற்கான நிபந்தனைகளை சங்கங்களோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: நாமக்கல் கதைசொல்லி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இணைத் தயாரிப்பாளரிடம் இந்த வட்டிக் கணக்கைக் காட்டினேன். மானியத்தை வரவிலிருந்து எடுத்துவிட ஒப்புக்கொண்டார். சீஹோர் பக்கம் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கதையின் இறுதிப் பகுதிக்கு விளைந்த கோதுமை வயல் தேவைப்படுகிறது. நேரடி ஒலிதான். அப்படியானால் மார்ச் மாதம் சரியாக இருக்குமா?

பதில் 6: போபால்வாசி

மார்ச் சரிதான். சீஹோர் ஷர்பதி கோதுமைக்குப் பெயர் பெற்ற மாவட்டம், வயலுக்குக் குறை இருக்காது. இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்று, அறுவடை. இங்கே இப்போது பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வரும் அறுவடை இயந்திரங்கள்தான் வேலை செய்கின்றன. அவை ஊருக்குள் வந்துவிட்டால், காலையில் நீங்கள் பார்த்துவிட்டு வந்த வயல் மதியச் சாப்பாட்டுக்குள் மொட்டையாகிவிடும். இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வருமா என்ற கவலை விவசாயிக்கு இருப்பதால், வெறும் வாய்ப்பேச்சில் அவர் காத்திருக்க மாட்டார். உங்களுக்கு வேண்டிய ஓரிரண்டு ஏக்கரை மட்டும் குறித்து, இறுதிக் காட்சி முடியும் தேதி வரை அறுக்காமல் நிறுத்திவைக்க ஒரு தொகை, பின்னர் ஆள் வைத்து அறுப்பதற்கான கூலி, மழையோ ஆலங்கட்டியோ விழுந்து பயிர் கெட்டால் விளைச்சலுக்கான விலை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மார்ச்சில் ஆலங்கட்டி மழை இந்தப் பக்கம் அடிக்கடி விழும்.

இரண்டு, ஹோலி. மால்வாவில் ஹோலி ஒரு நாளோடு முடியாது. ஐந்தாம் நாள் வரும் ரங்பஞ்சமிதான் இங்கே பெரிய கொண்டாட்டம். அதுவரை ஊரில் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள், உங்கள் கேமராவுக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த ஆண்டு ஹோலி எந்தத் தேதியில் விழுகிறது என்று பாருங்கள். மார்ச் தொடக்கத்திலேயே விழுந்தால், ரங்பஞ்சமி முடிந்து இரண்டு நாள் கழித்து யூனிட்டை இறக்குங்கள். சுவர்களிலும் மாட்டுக் கொம்புகளிலும் ஒட்டியிருக்கும் சாயத்தைக் கழுவ உங்கள் கலை இயக்குநருக்கு அந்த இரண்டு நாள் வேண்டும். மாதக் கடைசியில் விழுந்தால், ஹோலிக்கு முன்பே வயல் காட்சிகளை முடித்துவிட்டு, பண்டிகை நாட்களில் கதவை மூடிக்கொண்டு லாரி கேபின் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம்.